இரவு எங்கே தங்குவது? கம்பம் பள்ளத்தாக்குப் பயணச் சிந்தனை

சுற்றுலா புறப்படும் நம் குடும்பங்கள் பகற்பொழுதைக் குறித்துப் பல நாட்கள் திட்டமிடுகின்றன. எந்த அருவியில் நீராடுவது, எந்த அணையைக் காண்பது, மதிய உணவைக் கட்டிக்கொண்டு போவதா, வழியில் வாங்கிக்கொள்வதா என்றெல்லாம் பேச்சு நடக்கின்றது. இரவு எங்கே தங்குவது என்ற கேள்வி மட்டும் கடைசியில், பல வேளைகளில் வண்டியில் ஏறி அமர்ந்த பிறகே எழுகின்றது. "போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ ஒருவர் சொல்ல, அத்துடன் அது முடிந்துவிடுகின்றது. ஆனால் முதல் நாள் எவ்வளவு தூரம் செல்லலாம், மறுநாள் கண்விழித்து எதைக் காண்போம், நம் பணம் யார் கையில் சேரும், வண்டி ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரம் உறங்குவார் ஆகிய யாவற்றையும் முடிவு செய்வது அந்த ஒரு கேள்வியே.

சென்ற மே மாதத்தில், எங்கள் பங்கின் மூன்று குடும்பங்களுடன் டி. கல்லுப்பட்டியிலிருந்து புறப்பட்டு, திராட்சைக்குப் பெயர்பெற்ற கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்கி வந்தோம். கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் பல இவ்வழியே செல்வதால், நாங்கள் கண்டவற்றையும், தங்குமிடத்தைத் தேர்ந்துகொண்ட முறையையும் இங்கே வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

புறப்படும் ஊர்

டி. கல்லுப்பட்டி வழிப்போக்கர் நன்கறிந்த ஊர். மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாகத் திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து செல்கின்றது. விருதுநகரிலிருந்து வரும் சாலையும் பேரையூருக்குப் போகும் சாலையும் இங்கே அதனுடன் சேருகின்றன. பேருந்துக்குக் காத்திருந்து, தேநீர் அருந்தி, மேலே செல்பவர்களே மிகுதி. ஆயினும் மனிதர் தங்கி வாழ்ந்த இடம் என்ற வகையில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1976-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்திப் பழங்கால மக்கள் வாழ்ந்த தடயங்களை வெளிக்கொணர்ந்தது.

அண்மைக் காலத்தில் இவ்வூரைத் தம் இருப்பிடமாகத் தேர்ந்துகொண்டவர் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; இலண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றவர். விரும்பியிருந்தால் எந்தப் பெருநகரிலும் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1940-இல் தோன்றிய இவ்வூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடியிருப்பு ஒன்றில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார்.

குமரப்பா வலியுறுத்தியவற்றுள் ஒன்று எங்கள் பயணத்துக்கு மிகவும் பொருந்தியது. ஒரு பொருளை வாங்குகிறவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அது யாருடைய உழைப்பால், எத்தகைய நிலையில் உண்டாயிற்று என்பதை அறிவதும் அவருடைய கடமை என்றார் அவர். கத்தரிக்காயையும் கைத்தறித் துணியையும் வாங்கும்போது சிலரேனும் இதை நினைக்கின்றனர். விடுதி அறையும் நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளே என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை.

கணவாய்க்கு அப்பால்

கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர்ச் சாலையில் திரும்பினால் கரிசல் நிலம் விரிகின்றது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் சோளமும் உண்டு. பொய்த்தால் வெடிப்பு விட்ட நிலமும் வேலிக் கருவையுமே மிஞ்சும். மேற்கே சாப்டூர் மலைகள் நீலநிறமாய் நிற்கின்றன. பேரையூரைக் கடந்து உசிலம்பட்டியில் மதுரை–தேனி நெடுஞ்சாலையை அடைந்தோம். அங்கிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாய் அதிக தூரமில்லை. இச்சாலைக்குத் துணையாக மதுரை–போடி ரயில் பாதையும் செல்கின்றது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட ரயில், 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடிநாயக்கனூர் வரையிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. வண்டி அமர்த்த வசதியில்லாத குடும்பங்கள் இதனை மனத்திற்கொள்ளலாம்.

கணவாயைத் தாண்டியதும் காட்சி மாறுகின்றது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் தேனியை அடைந்து தெற்கே திரும்பினோம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கம்பம், கூடலூர் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. இருபுறமும் மலைத்தொடர், நடுவே நெல், வாழை, தென்னை, திராட்சை. தேனியிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளி வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரமும் இக்காட்சி நம்முடன் வருகின்றது.

இப்பசுமை தானாக வந்ததன்று. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதன் பயன் இது. பொறியாளர் பென்னிகுக் தலைமையில் 1887-இல் தொடங்கிய அணை வேலை 1895-இல் நிறைவேறியது. காட்டுக் காய்ச்சலாலும் பிற இடர்களாலும் மாண்ட தொழிலாளர் பலர். இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகின்றது. மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப்பில் 2013-இல் தமிழக அரசு பென்னிகுக்குக்கு மணிமண்டபம் அமைத்தது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15, பொங்கலையொட்டி வருவதால், உழவர் அவருக்கும் சேர்த்துப் பொங்கலிடுகின்றனர்.

கரிசல் காட்டிலிருந்து சென்ற எங்கள் குழுவின் பெரியவர்கள், மே மாதத்தில் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். இறங்கிக் கைகளை நனைத்துக்கொண்ட பிறகே மேலே செல்ல இசைந்தார்கள்.

பன்னீர்த் திராட்சை

இப்பகுதியின் சிறப்பு விளைச்சல் பன்னீர்த் திராட்சை. கறுத்த ஊதா நிறம், விதையுள்ள பழம், வாயிலிட்டதும் பன்னீர் மணம் கமழும். மேல்நாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 1832-இல் பிரஞ்சு நாட்டுக் குரு ஒருவர் இவ்வகையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்பில் நூற்றுக்கு 85 பங்கு இவ்வகையே என்று கூறப்படுகின்றது. கம்பம் வட்டாரத்தில் ஏறக்குறைய 2,000 ஏக்கரில் இது பயிராகின்றது. 2023-ஆம் ஆண்டில் 'கம்பம் பன்னீர்த் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கல்தூண்களை நட்டு, கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பந்தலில் கொடி படர்கின்றது. பந்தல் ஆள் நிற்கும் உயரம். மேலே இலைக் கூரை; கீழே தொங்கும் குலைகள்; நண்பகலிலும் உள்ளே நிழல். கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை அறுவடைக்கு வருகின்றது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால், ஆண்டின் எம்மாதத்தில் சென்றாலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பழம் காணலாம். குறிப்பிட்ட சில மாதங்களிலேயே அறுவடை நடக்கும் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு இல்லாத பேறு இது.

பழைய ஏற்பாட்டில் மோசே அனுப்பிய ஒற்றர்கள் எசுக்கோல் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைக் குலையை அறுத்து, இருவராகத் தடியில் சுமந்து வந்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மறைக்கல்வியில் கேட்டிருப்பார்கள். அவர்கள் பழத்தைக் கொண்டுவந்தார்கள். அந்நாட்டு மக்களைப் பற்றியோ அச்சத்தை மட்டுமே கொண்டுவந்தார்கள். இன்றைய சுற்றுலாப் பயணிகளிலும் பழத்தை வாங்கிக்கொண்டு, பயிரிட்ட மனிதரை அறியாமலே திரும்புகிறவர்கள் பலர்.

மேல்நாட்டுத் திராட்சைச் சாலைகள்

திராட்சை நாட்டின் ஊடாகச் சாலைப் பயணம் செய்வது மேலைநாடுகளில் பழகிய வழக்கம். ஜெர்மனியில் 1935-இல் 'திராட்சைமதுச் சாலை' என்றே பெயரிட்டு, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் நீளமுள்ள வழியைத் திறந்தனர். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1953-இல் அத்தகைய சாலை ஏற்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். இவ்விடங்களில் தோட்டக்காரர் பலர் தம் வீட்டிலேயே சில அறைகளை ஒதுக்கிப் பயணிகளைத் தங்கவைக்கின்றனர். விருந்தினர் காலையில் எழுந்து, அவர்களுடைய மேசையிலேயே உண்டு, அவர்களுடைய கொடிகளுக்கிடையே நடக்கின்றனர். அறை வாடகையும் உழவன் வருமானத்தில் ஒரு பங்காகின்றது. நம் நாட்டிலும் மராட்டிய மாநிலத்து நாசிக் பகுதியில் மது ஆலைகளை ஒட்டித் தங்குமிடங்கள் எழுந்துள்ளன.

நம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. இங்கு விளைவது பெரும்பாலும் உண்ணும் பழம். அதிகாலையில் அறுத்து, பெட்டிகளில் அடுக்கி, கேரளத்துக்கும் மதுரை முதலான நகரங்களுக்கும் அன்றே அனுப்பிவிடுகின்றனர். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைப் பழத்தினின்று உண்டான இயற்கையான, கெடாத இரசமாக இருத்தல் வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் கண்டுள்ள விதி. ஆகவே திராட்சைக் கொடிக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது, புனிதமானது. ஆனால் தோட்டந்தோறும் நின்று மதுவைச் சுவைத்து, பின்னர் வண்டியோட்டிச் செல்லும் மேல்நாட்டு வழக்கம் இங்கே இல்லாதது நன்றே. மதுவால் குடும்பங்கள் படும் பாட்டை நம் பெண்களிடம் கேட்டால் தெரியும். மேல்நாட்டாரிடம் நாம் கற்கவேண்டியது, உழவன் வீட்டருகே இரவைக் கழிக்கும் வழக்கத்தையே.

நான்கு இடங்கள்

நிற்க. மாலை ஐந்து மணிக்குத் தேனியைக் கடக்கையில், எங்கள் வண்டிக்குள் அந்தக் கேள்வி எழுந்தது. எங்களுடன் இருந்தவர்கள் பதினைந்து பேர். முழங்கால் வலியுள்ள பாட்டி ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேர், இருபத்தாறு வயது ஓட்டுநர் ஆகியோர் அவர்களுள் அடக்கம்.

முதலில் பேசப்பட்டது தேனி. மாவட்டத் தலைநகர், 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது. எல்லா வாடகையிலும் விடுதிகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகேயுள்ள க. விலக்கில் இருக்கின்றது. நோயாளியோ கைக்குழந்தையோ உடன் வந்தால் தேனியில் தங்குவதே அறிவுடைமை. ஆனால் அங்கே கண்விழித்தால் காண்பது கடைவீதியே. திராட்சைத் தோட்டத்தை அடைய மீண்டும் ஒரு மணி நேரம் செல்லவேண்டும். அதற்குள் அறுவடை முடிந்துவிடும்.

இளைஞர் இருவர் மேகமலையைச் சொன்னார்கள். சின்னமனூரிலிருந்து பிரியும் மலைச்சாலை அது. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். தேயிலைத் தோட்டங்களும் நீர்த்தேக்கங்களும் கண்கொள்ளாக் காட்சி. ஆயினும் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அம்மலைகளைத் தழுவியது. இருட்டிய பிறகு அங்கே வண்டிகளை விடுவதில்லை. காலையில் புறப்பட்டு மாலைக்குள் இறங்குவதற்கு உரிய இடம் அது.

மூன்றாவது குமுளி. பெரும்பாலோரின் விருப்பமும் இதுவே. "சாமி, குமுளியிலே குளிர்ச்சியாக இருக்கும். காலையிலே தேக்கடிப் படகிலும் போய்விடலாம்" என்றார் ஒரு குடும்பத் தலைவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மே மாத வெக்கையில் குளிர்ச்சியை விரும்பாதவர் யார்? ஆனால் லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைச்சாலையில் ஏறும்போது இருட்டிவிடும். காலையிலிருந்து ஓட்டியவரே அந்த வளைவுகளிலும் ஓட்டவேண்டும். 2022 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிப்பட்டிப் பகுதி பக்தர்களின் வண்டி இம்மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் உயிரிழந்தனர். எட்டு வீடுகளில் விளக்கணைந்த அச்செய்தியை இப்பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை.

நான்காவது, பள்ளத்தாக்கின் நடுவிலேயே, உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ தங்குவது. பெரிய விடுதிகள் குறைவு. குளிர்ச்சியும் மலையளவு இராது. சுற்றுலாக் கையேடுகள் இவ்வூர்களைத் தங்குமிடமாக அதிகம் பேசுவதில்லை. வழியில் கடந்து செல்லும் ஊர்களாகவே காட்டுகின்றன.

ஓட்டுநர் எங்கே படுப்பார்?

இவ்வாறு வாதம் நடந்துகொண்டிருக்கையில், அதுவரை பேசாதிருந்த பாட்டி ஒரு கேள்வி கேட்டார். "அந்தத் தம்பிக்கு எங்கேப்பா படுக்கை?" என்று ஓட்டுநரைச் சுட்டிக்காட்டினார். யாரும் விடை கூறவில்லை. ஓட்டுநரே, "எனக்கென்ன பாட்டி, வண்டியிலே படுத்துக்குவேன், பழக்கந்தானே" என்றார்.

வாசகர்களே, இதை நாம் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்கவேண்டும். சுற்றுலா இடங்களில் உள்ள விடுதிகள் பலவற்றில் ஓட்டுநருக்கு இடமில்லை. குடும்பத்தார் கட்டிலில் உறங்க, அவர் கால் நீட்ட முடியாத இருக்கையில், கொசுக்கடியில், கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம் என்று இரவைக் கழிக்கின்றார். பொழுது விடிந்ததும் நம் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, அரைத் தூக்கக் கண்களுடன் மலைப்பாதையில் இறங்குகின்றார். வாடகை பேசும்போது நூறு ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடும் நாம், அவருடைய உறக்கத்தைக் குறித்து ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவரும் ஒரு தாயின் மகன் என்பது ஒருபுறமிருக்க, பதினான்கு பேரின் உயிர் அவருடைய உறக்கத்தில் அடங்கியிருக்கின்றது.

குமுளியில் இரண்டு விடுதிகளைத் தொலைபேசியில் கேட்டோம். ஓட்டுநருக்குத் தனி இடமில்லை என்றே இரண்டிலும் விடை வந்தது. உத்தமபாளையத்தில் எளிய விடுதி ஒன்றில் நான்கு அறைகள் இருந்தன; ஓட்டுநர் தங்கக் கட்டிலும் குளியலறையும் உள்ள ஒரு சிறு அறையைக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்கள். அத்துடன் விவாதம் முடிவுற்றது. குமுளியைச் சொன்ன குடும்பத் தலைவரே முதலில் சம்மதித்தார். பாட்டி ஏறவேண்டிய படிகளும் மூன்றே என்று அறிந்தபோது அனைவருக்கும் மகிழ்ச்சி.

இரவு எட்டரை மணிக்கு உணவு முடிந்தது. ஒன்பது மணிக்கு ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடியற்காலை

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து இராயப்பன்பட்டிக்குச் சென்றோம். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் உள்ள கத்தோலிக்க ஊர் அது. பனிமய மாதா ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு வெளியே வந்தபோது, மலைமுகடு வெளுத்திருந்தது. ஊருக்கு வெளியே பந்தல்களுக்குள் பேச்சுக்குரல் கேட்டது. பெண்கள் கத்தரிக்கோலுடன் அறுவடையில் ஈடுபட்டிருந்தார்கள்.

தோட்டக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். எங்களை உள்ளே அழைத்தார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி பந்தலின் கீழ் நடந்தார்கள். ஒரு குலையை அறுக்குமுன் அப்பெண்கள் அதைத் தொடும் விதத்தைக் கவனிக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். காம்பைப் பிடித்து அறுக்கின்றார்கள். பழத்தின் மேல் விரல் படுவதில்லை. பழத்தின் மேலுள்ள மெல்லிய வெண்பொடி கலைந்தால் சந்தையில் மதிப்புக் குறையுமாம். வெடித்த பழங்களையும் அழுகிய பழங்களையும் நுனிக் கத்தரியால் ஒவ்வொன்றாக நீக்கிய பிறகே குலை பெட்டிக்குள் போகின்றது. கைகளை உயர்த்தியபடியே பல மணி நேரம் செய்யும் வேலை இது. மாலையில் தோள் வலிக்கும் என்று ஒரு பெண் சொன்னார்.

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா சாமி?" என்று தோட்டக்காரர் வினவினார். நன்றாக உறங்கினோம் என்றோம். "நமக்குத்தான் தூக்கமில்லை. மேற்கே மின்னிக்கிட்டே இருந்துச்சு. பழுத்த கொலையிலே மழைத்தண்ணி நின்னா, பழம் வெடிச்சுப் போகும். வெடிச்ச பழத்தை எந்த வியாபாரியும் தொடமாட்டான். ரெண்டு தடவை எந்திருச்சு வந்து பந்தலுக்குள்ளே நின்னு பார்த்துட்டுப் போனேன்" என்றார்.

அவ்விரவு மின்னலை நாங்களும் கண்டோம். பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று கைதட்டி மகிழ்ந்தார்கள். அதே மின்னல், அரைக் காத தூரத்தில், நான்கு மாத உழைப்பைத் தராசில் வைத்திருந்தது. ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய் இலையைப் பற்றும். அதற்கென மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிக்கும் மருந்துக்குப் 'போர்டோ கலவை' என்று பெயர். பிரான்சின் திராட்சை நாடான போர்டோவில் 1880-களில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. ஆனைமலையான்பட்டியில் இயங்கும் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இத்தகைய நோய்களைக் குறித்து உழவருக்கு வழிகாட்டுகின்றது. ஆயினும் பழுத்த குலையின் மேல் நள்ளிரவில் பெய்யும் மழைக்கு மருந்து ஏதுமில்லை. விலையும் உழவன் கையில் இல்லை. பறித்த பழத்தைப் பல நாள் வைத்திருந்து நல்ல விலைக்குக் காத்திருக்க வழியின்றி, அன்றன்றைய விலைக்கே விற்கின்றனர்.

குமுளியில் தங்கியிருந்தால் அந்நேரம் படகுத்துறையில் நின்றிருப்போம். அதுவும் இனிய காட்சியே. தேக்கடியை நாங்கள் குறை கூறவில்லை. அன்று பிற்பகல் அங்கும் சென்றோம். பகல் வெளிச்சத்தில், நன்கு உறங்கி எழுந்த ஓட்டுநர் நிதானமாக மலையேறினார். ஆனால் அத்தோட்டக்காரரின் இரவைப் பற்றி அறிந்தது, அவருக்கு அண்மையில் நாங்களும் இரவைக் கழித்ததனால்தான். திரும்பும்போது எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, வீட்டுக்கு வாங்கிய பெட்டியிலிருந்து ஒரு பழம் உருண்டு விழுந்ததைக் குனிந்து தேடி எடுத்தாள். முதல் நாள் அவளே ஒரு கொத்தைக் கடித்துத் துப்பி விளையாடியவள்.

தங்குமிடம் தேர்வோர்க்குச் சில குறிப்புகள்

இப்பள்ளத்தாக்குக்கோ வேறெங்கோ செல்லும் குடும்பங்களுக்கு நாங்கள் கூறுவன இவை.

முதலாவது, தங்குமிடத்தைப் புறப்படுமுன் முடிவு செய்யுங்கள். பொழுது சாயும் நேரத்தில் எந்த ஊரில் இருப்போம் என்று கணக்கிட்டு, அதற்கு இப்பால் உள்ள ஊரையே தேருங்கள். மலையேற்றத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

இரண்டாவது, அறையைப் பேசும்போதே ஓட்டுநருக்குப் படுக்கையும் குளிக்க இடமும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஓர் அறை கூடுதலாக எடுங்கள். அச்செலவு பயணச் செலவில் மிகச் சிறியது.

மூன்றாவது, குழுவில் வலுக்குறைந்தவர் யாரோ அவரை அளவுகோலாகக் கொள்ளுங்கள். மூதாட்டி ஏறக்கூடிய படி, குழந்தை பசி தாங்கும் நேரம், நோயாளிக்கு மருத்துவமனை இருக்கும் தூரம் ஆகியவற்றைப் பார்த்தபின் காட்சியைப் பாருங்கள்.

நான்காவது, கார்த்திகை தொடங்கித் தை முதல் நாட்கள் வரை சபரிமலைப் பக்தர்களின் வண்டிகள் இச்சாலையில் நிறைந்திருக்கும். கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் போக்குவரத்து ஏற்படுத்துவதும் உண்டு. அந்நாட்களில் செல்வோர் கூடுதல் நேரம் ஒதுக்குக.

ஐந்தாவது, தோட்டக்காரரின் அனுமதியின்றிப் பந்தலுக்குள் நுழையாதீர்கள். மருந்தடித்த பழமா என்று கேட்காமல் பறித்து உண்ணாதீர்கள். வாங்கினால் தோட்டத்திலேயே, அவர் சொல்லும் விலைக்கு வாங்குங்கள்.

எம்மாவு ஊருக்கு நடந்த சீடர் இருவரையும் நாம் அறிவோம். தம்முடன் வந்த வழிப்போக்கர் மேலும் செல்ல முற்பட்டபோது, பொழுது சாய்ந்துவிட்டதைக் காட்டி, அவரைத் தங்கும்படி வற்புறுத்தினார்கள். அவர் யாரென்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. இருட்டில் ஒரு மனிதரைத் தனியே வழியனுப்ப மனமின்றி நிறுத்தினார்கள். பந்தியில் அவரை அறிந்துகொண்டார்கள். அடுத்த முறை வண்டி அமர்த்தும்போது, "எங்கே தங்கலாம்?" என்ற கேள்வியை ஓட்டுநரிடமும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.